பாசிக்குக் கொடுப்பதா, சுறாவுக்குக் கொடுப்பதா?

ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச் மாதத்தில் பழைய மாணவர் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், சிறு நிறுவனங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வருகின்றன. இயற்கைக்கென்று ஒரு தொகை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பத்து இடத்தில் தூவினால் எங்கும் முளைக்காது என்று அவர்களுக்கே தெரிகிறது. ஆகவே ஓர் உயிரினத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர் திமிங்கலச் சுறா என்கிறார். தாவரவியல் படித்த இன்னொருவர், "எல்லாரும் பெரிய விலங்குக்கே கொடுத்தால் பாசிக்கு யார் கொடுப்பது?" என்கிறார். வாக்கெடுப்பில் சுறா ஜெயிக்கிறது. பாசிக்காரர் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை.

அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் அவர் மனத்தில் வைத்திருக்கும் பாசி சரியான பாசிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே பாசி என்பது குளத்துப் பாசியல்ல, பாறையிலும் மரத்திலும் படரும் சிறு செடி (moss). பாசிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது டகாகியா: இமயத்தின் உச்சியில், பனி உருகும் பாறைகளில் வாழும், 2023-இல் செய்திகளில் அடிபட்ட பாசி. எதிர்ப்பக்கத்தில், நம் நாட்டுக் கடல்களுக்கு வந்துபோகும் திமிங்கலச் சுறா. உலகின் மிகப்பெரிய மீன். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

## முதலில் எடைக்கற்கள்

இரண்டு எடைக்கற்களை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம்.

ஒன்று, பழமை. டகாகியாவின் வம்சம் சுமார் 39 கோடி ஆண்டுகள் பழமையானது என்பார்கள். சுறாக்களின் வம்சம் 40 கோடி ஆண்டுகளைத் தாண்டியது. டைனோசர்களுக்கு முன்பே இரண்டும் இருந்தன. இதை வைத்துப் பேச்சுப் போட்டி நடத்தலாம். காசோலை எழுத முடியாது.

இரண்டாவது, அபூர்வம். எது குறைவாக இருக்கிறதோ அதற்கே முதலிடம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நம் பணம் புதுச்சேரிச் சுறாவுக்குப் போக வேண்டும். நம் கரையோர ஊரின் பெயரையே சுமக்கும் அந்த மீன், மிக அருகிய இனம். அறிவியல் உலகிடம் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய பழைய மாதிரிகள். உறுதி செய்யப்பட்ட கடைசிப் பதிவு 1979-இல். அதற்குக் கொடுக்கும் பணம் என்ன செய்யும்? தேடும். தேடுவதும் வேலைதான். ஆனால் முதன்முதலாகக் கொடுக்க வரும் ஒரு சங்கம், மூன்று ஆண்டுகள் கழித்து 'காணவில்லை' என்ற அறிக்கையைக் கையில் வாங்கினால் நான்காம் ஆண்டு கொடுக்காது.

மிச்சமிருப்பவை ஐந்து.

முதலாவதும் முக்கியமானதும்: அந்த உயிரை அழிக்கும் கை எங்கே இருக்கிறது, அதை நம் கை எட்டிப் பிடிக்குமா? வலை, அரிவாள், மண்வாரி, சாக்குப்பை என்றால் எட்டும். வளிமண்டலத்தின் வெப்பம் என்றால் எட்டாது. இந்த ஒரு கேள்விக்கு மற்ற நான்கையும் சேர்த்தாலும் ஈடாகாது என்பது என் கட்சி.

அடுத்து, கொடுத்த ரூபாய் எதுவாக மாறுகிறது: வலையாகவா, சம்பளமாகவா, ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குப்பியாகவா? மூன்றாவது, சட்டம் நமக்குப் பின்னால் நிற்கிறதா? நான்காவது, பலன் தெரிய எத்தனை காலம் ஆகும்? ஐந்தாவது, ஏற்கெனவே எத்தனை பேர் கொடுக்கிறார்கள்? நூறு பேர் இழுக்கும் தேரில் நூற்றோராவது கை வைப்பதும், யாருமே தொடாத தேரில் முதல் கை வைப்பதும் ஒன்றல்ல.

## டகாகியா: எட்டாத உயரத்தில்

ஒரு சென்டிமீட்டர் உயரம்கூடத் தேறாத செடி. வேர் கிடையாது. ஒவ்வோர் இலையும் விரல்களாகப் பிளந்தது போலிருக்கும். இமயமலையில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1861-இல் மிட்டன் என்ற ஆங்கிலேயர் இதை முதலில் விவரித்தபோது ஈரலுருப் பாசிகள் (liverworts) என்ற வேறொரு தாவரக் கூட்டத்தில் சேர்த்துவைத்தார். 1958-இல் ஜப்பானியத் தாவரவியலாளர்கள் இந்த வகைக்கெனத் தனிப் பேரினம் ஒன்றை உருவாக்கி, நோரியோ தகாகி என்ற ஆய்வாளரின் பெயரைச் சூட்டினார்கள். அப்போதும் இது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதில் வழக்கு ஓயவில்லை. வித்துகளைத் தாங்கும் தண்டு 1990-களின் தொடக்கத்தில் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் கண்டெடுக்கப்பட்ட பிறகே, பாசிதான் என்று முடிவானது.

பேரினத்தில் இருப்பவை இரண்டே சிற்றினங்கள். செரட்டோஃபில்லா என்பது எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று வகைப்படுத்தும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனம். லெபிடோஜியாய்டிஸ் என்ற மற்றதைத்தான் சீன, ஜெர்மானிய ஆய்வாளர்கள் திபெத்தில் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 4,000 மீட்டருக்கு மேல், ஆண்டில் எட்டு மாதம் பனிக்கடியில், மிச்ச மாதங்களில் சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிரில் வாழ்கிறது. அதன் மரபணுக்கள் வியப்பூட்டும் வேகத்தில் மாறியிருக்கின்றன என்று கண்டார்கள். ஆனாலும் அந்த வேகம் இப்போதைய வெப்பத்துக்குப் போதவில்லை. கவனித்த இடங்களில் ஆண்டுக்கு சுமார் 1.6 சதவீதம் வீதம் பாசி குறைந்துகொண்டு வந்தது. இதே கதியில் போனால் நாற்பது சொச்சம் ஆண்டுகளில் பாதி காலி.

இப்போது முதல் எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். டகாகியாவை யாரும் பறிப்பதில்லை, விற்பதில்லை, தின்பதில்லை. அது வாழும் இடத்துக்கு வேலி போட வேண்டிய அவசியமும் பெரிதாக இல்லை. ஆள் போவதே அரிது. அதைக் கொல்வது பனி விலகுவதும் வெப்பம் ஏறுவதும். கிண்டியிலோ மயிலாப்பூரிலோ நடக்கும் செயற்குழுக் கூட்டத்தின் தீர்மானம் அந்த வெப்பத்தை ஒரு இம்மியும் அசைக்காது.

அப்படியானால் பணம் எதுவாக மாறும்? அறிவாக. ஆய்வாளர்கள் பாசியை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, திபெத்தில் சில இடங்களில் திரும்ப நட்டுப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்தும் சில பிழைத்திருந்தன. இது நல்ல செய்தி. ஆனால் இப்படிப்பட்ட வேலையைச் செய்யக்கூடிய இடங்கள் உலகில் சிலவே. அவை அரசு, பல்கலைக்கழக நிதியில் இயங்குபவை. மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஒரு சங்கம் அனுப்பும் ஐம்பதாயிரம் ரூபாய் அங்கே போய்ச் சேரும் வழியே முதலில் கேள்விக்குறி. அயல்நாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் பணம் அனுப்புவதில் வங்கி, வரி, அனுமதி என்று வரும் காகிதக் கட்டைப் பார்த்தால், செலவழிக்கும் பொருளாளரின் நேரத்துக்கே தனிக் கணக்கு எழுதலாம்.

டகாகியாவுக்குக் கொடுப்பது சரியாக இருக்கும் நிலை ஒன்று உண்டு. நீங்கள் நீண்ட காலக் கொடையாளர். இமயமலை சார்ந்த ஒரு பல்கலைக்கழகத்தில் பாசியியல் படிக்கும் மாணவருக்கு ஐந்து ஆண்டு உதவித்தொகை தருகிறீர்கள். அப்போது டகாகியா ஒரு காரணம், பலன் மாணவர். அந்த மாணவர் வாழ்நாள் முழுவதும் பாசிகளோடு வேலை செய்வார். இதைவிட மலிவான முதலீடு பாதுகாப்பு உலகில் குறைவு.

## திமிங்கலச் சுறா: கைக்கு எட்டும் தூரத்தில்

பன்னிரண்டு மீட்டர் நீளம் சாதாரணம். நம்பகமாக அளக்கப்பட்டதில் மிகப் பெரியது 18.8 மீட்டர். வாயைத் திறந்தபடி நீந்தி மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும். மனிதருக்குத் தீங்கு செய்யாது. முதுகின் வெள்ளைப் புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் வேறு. நம் கைரேகை மாதிரி. அந்தப் புள்ளிகளைப் படமெடுத்து ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணும் மென்பொருளின் கணக்குமுறை, வானியலாளர்கள் விண்மீன் படங்களை ஒப்பிட உருவாக்கியது.

குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில், வேராவல், மாங்ரோல் பக்கத்து ஊர்களில், பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே இதைப் பிடித்தார்கள். முதலில் ஈரல் எண்ணெய்க்காக. மரப் படகின் அடியில் பூசினால் நீர் புகாது. 1990-களில் இறைச்சிக்கு அயல்நாட்டுச் சந்தை திறந்ததும் வேட்டை பெருகியது. கொக்கியை எறிந்து குத்துவார்கள். கொக்கியின் கயிற்றில் காலிப் பீப்பாய்களைக் கட்டியிருப்பார்கள். மீன் ஆழத்துக்குப் போக முடியாமல் பீப்பாயை இழுத்து இழுத்துக் களைத்துப்போகும். இதைப் படம்பிடித்து மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் 2000-இல் வெளிவந்தது. 2001 மே மாதம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு நிகரான இடத்தில், இந்த மீனைச் சேர்த்தார்கள். இந்தியாவில் அந்த நிலையைப் பெற்ற முதல் மீன் இதுவே.

சட்டம் வந்தால் வேட்டை நிற்கும். வலையில் தவறிச் சிக்குவது நிற்குமா? இங்கேதான் குஜராத் கதை நமக்குப் பாடமாகிறது. 2004-இல் குஜராத் வனத்துறை, இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, டாடா கெமிக்கல்ஸ் ஆகியவை சேர்ந்து தொடங்கிய இயக்கத்துக்கு ராமகதை சொல்லும் மொராரி பாபு குரல் கொடுத்தார். இந்தக் கரைக்கு வரும் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போன்றது, அவளை யாராவது கொல்வார்களா என்று அவர் மீனவர்களிடம் கேட்டார். அந்தப் பேச்சு ஊருக்குள் இறங்கியது.

பேச்சு மட்டும் போதவில்லை, கணக்கும் போட்டார்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இரவில் விரித்த செவுள்வலையில் பல டன் எடையுள்ள மீன் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. புரளப் புரள வலை இன்னும் இறுகுகிறது. மீனவர் முன் இருப்பவை இரண்டு வழிகள்: மீன் சாகும்வரை காத்திருந்து வலையை மீட்பது; அல்லது கத்தியை எடுத்து வலையை அறுத்து மீனை விடுவது. அறுத்தால் அந்தப் பருவத்தின் வருமானம் போயிற்று, கடனும் ஏறும். ஆகவே அறுபட்ட வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுக்க ஏற்பாடானது. ஆரம்பத்தில் அதிகாரி வந்து பார்த்துச் சான்று தர வேண்டியிருந்தது. கடலுக்கு நடுவில் அதிகாரி வந்து சேரும்வரை மீன் வலைக்குள் தவிக்க வேண்டும். பின்னர் மீனவர் கையிலேயே கேமரா கொடுத்தார்கள். அவரே படமெடுத்து, அறுத்து விட்டுவிட்டு, கரைக்கு வந்து படத்தைக் காட்டினால் போதும். மீன் வலைக்குள் கிடக்கும் நேரம் குறைந்தது. இப்படி நூற்றுக்கணக்கான சுறாக்கள் விடுவிக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே ரூபாய் வலையாக மாறுகிறது. வலை, உயிரோடு நீந்திப்போகும் ஒரு மீனாக மாறுகிறது. காரணத்துக்கும் பலனுக்கும் நடுவே இவ்வளவு குட்டையான கயிறு பாதுகாப்புத் துறையில் அபூர்வம். ஒரு மீனைக் காப்பாற்றுவதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், இது மெதுவாக வளரும் மீன். இனப்பெருக்க வயதை எட்ட 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தைவானில் 1995-இல் பிடிபட்ட ஒரு பெண் மீனின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. வளர்ந்த ஒரு பெண் மீன் வலையில் செத்தால், போவது இத்தனையும்.

இனி இதன் இருட்டுப் பக்கம். 2016-இல் சிவப்புப் பட்டியல் இதை அழிவாய்ப்பு நிலையிலிருந்து அதைவிட ஆபத்தான அருகிய இனம் என்ற நிலைக்கு உயர்த்தியபோது, இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் மூன்று தலைமுறைக் காலத்தில் 63 சதவீதம் குறைந்திருப்பதாகக் கணித்தது. வலையை அறுத்துவிட்டால் மட்டும் இது சரியாகிவிடாது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மீன்கள் நடமாடும் பரப்பில் 92 சதவீதம் பெரிய கப்பல்களின் பாதையோடு ஒன்றிப்போவதாகக் காட்டியது. கப்பலடியில் அடிபட்ட சுறா மூழ்கிவிடும், யாரும் எண்ணுவதில்லை. சரக்குக் கப்பலின் வேகத்தைக் குறைக்கும் அதிகாரம் எந்தச் சங்கத்துக்கும் இல்லை. ஆக, சுறாவிலும் கைக்கு எட்டாத பங்கு இருக்கிறது. டகாகியாவில் முழுதும் எட்டாது; சுறாவில் கணிசமான பாதி எட்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| எடைக்கல் | டகாகியா பாசி | திமிங்கலச் சுறா |
|---|---|---|
| சிவப்புப் பட்டியலில் | அழிவாய்ப்பு இனம் (செரட்டோஃபில்லா) | அருகிய இனம் |
| அழிக்கும் கை | வெப்பம், பனி விலகல் | வலை, கப்பல், சில நாடுகளில் வேட்டை |
| நம் பணம் எட்டுமா | நேரடியாக எட்டாது | வலை வரைக்கும் எட்டும் |
| ரூபாய் மாறுவது | ஆய்வு, உதவித்தொகை | வலை இழப்பீடு, கேமரா, களப்பணியாளர் |
| இந்தியச் சட்டம் | வனச் சட்டத்தின் பொதுவான காப்பு | 2001 முதல் உச்சக்கட்டப் பாதுகாப்பு |
| பலன் தெரிய | பத்தாண்டுகள் | ஒரு மீன்பிடிப் பருவம் |
| போட்டியாளர்கள் | கொடுப்போர் மிகக் குறைவு | நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன |

அட்டவணையைப் பார்த்தவுடன் சுறா ஜெயித்துவிட்டது என்று எழுந்துபோக வேண்டாம். கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். நிறுவனங்களுக்கு இருக்கும் சமூகப் பொறுப்புச் செலவு விதி, 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் வந்தது. தாவரம், விலங்கு இரண்டின் பாதுகாப்பும் அதில் அடங்கும். ஆனால் ஆண்டறிக்கையின் அட்டையில் போடப் புள்ளிச் சுறா கிடைக்கும்போது யார் பாசியைப் போடுவார்கள்? பெரிய பணம் தானாகவே சுறாவைத் தேடிப் போகும். உங்கள் சிறிய பணம் அதன் பின்னால் ஓட வேண்டுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

## வெளியே தெரியாத செலவுகள்

சுறாவின் பக்கம் இருக்கும் முதல் மறைமுகச் செலவை மீனவர்கள் சுமக்கிறார்கள். 2001 ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்துக்கும் ஒட்டுமொத்தத் தடை வந்தது. சுறா பிடிப்பதையே தொழிலாகக் கொண்டு ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர் போன்ற கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்களுக்கு அது இடி. எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கியது. சுறாவைக் காப்பாற்றுகிறோம் என்று பொதுவாகப் பேசும் திட்டத்துக்குப் பணம் கொடுத்தால், எந்த இனம், யாருடைய வலை, யாருக்கு இழப்பீடு என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். அடுப்பில் சுறாப்புட்டு வேகும் வீட்டிலிருந்தும் அந்தக் காசோலை போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். திமிங்கலச் சுறா அந்தச் சட்டியில் இல்லை. ஆனால் அருகிவரும் வேறு சிறு சுறாக்கள் இருக்கக்கூடும்.

இரண்டாவது, பயம். கடும் சட்டம் இருக்கும் இடத்தில் இழப்பீடு இல்லையென்றால், தவறிச் சிக்கிய மீனை மீனவர் யாரிடமும் சொல்ல மாட்டார். சொன்னால் விசாரணை, சொல்லாவிட்டால் கடலிலேயே கதை முடிந்தது. குஜராத்தில் பலித்தது சட்டமும் இழப்பீடும் சேர்ந்து வந்ததால். அந்த ஏற்பாடு இல்லாத கரைக்கு விழிப்புணர்வுச் சுவரொட்டியை மட்டும் அனுப்புவது வீண்.

மூன்றாவது, சுறாவைப் பார்க்கும் ஆசை. பிலிப்பைன்ஸின் ஓஸ்லோப் என்ற ஊரில் மீனவர்களே இறால் போட்டுச் சுறாக்களைக் கரையோரம் வரவழைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். ஊருக்கு வருமானம் உண்டு. மீன்களுக்குப் படகுகள் உரசிய தழும்புகளும் உண்டு. 'கொடையாளர்களுக்குச் சுறாவோடு நீந்தும் வாய்ப்பு' என்று விளம்பரம் வந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். செயற்கைக்கோள் பட்டையும் இப்படித்தான்: மீனின் துடுப்பில் கட்டும் கருவி ஒன்றுக்கு லட்சக்கணக்கில் ஆகிறது, கழன்று விழுந்தால் போயிற்று. வரைபடத்தில் புள்ளி நகர்வதைக் காட்டினால் கொடையாளர் மகிழ்கிறார் என்பதற்காகவே அதைச் செய்யும் இடங்கள் உண்டு. அதே பணத்தில் எத்தனை வலை என்று வகுத்துப் பாருங்கள்.

பாசியின் பக்கத்துச் செலவு வேறு மாதிரி. பணம் குறைவாகத்தான் ஆகும். பொறுமை நிறையப் போகும். பாசியைப் படமெடுத்து அடையாளம் சொல்ல முடியாது. பெரும்பாலானவற்றுக்கு நுண்ணோக்கியில் இலைச் செல்லின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவர்கள் நாட்டிலேயே சிலர்தான். 'எங்கள் பணத்தால் என்ன நடந்தது?' என்று உறுப்பினர் கேட்டால், காட்டுவதற்கு ஒரு பழுப்புக் காகித உறையில் உலர்ந்த துணுக்கு இருக்கும். பல சங்கங்கள் அங்கேயே கைவிட்டுவிடுகின்றன.

## கூட்டத்தில் யாரும் சொல்லாத மூன்றாவது

பாசிக்காரர் இமயமலைக்குப் போனதுதான் தவறு. பழனி மலையோடு நின்றிருந்தால் வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவி ஃபோரோ, பழனி மலையின் பாசிகளைச் சேகரித்து, 1961-இல் அந்த மலையின் பாசிப் பட்டியலை வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அப்படியொரு பட்டியல் கையில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது, அது இல்லாத மலைகளில் வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். எது இருந்தது என்று தெரிந்தால்தான் எது போயிற்று என்று சொல்ல முடியும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாசிகள் பற்றிய ஆய்வு நடந்திருக்கிறது. ஆகவே வழிகாட்ட ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

சோலைக்காட்டு மரம் ஒன்றின் அருகில் நின்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிப் பாருங்கள். தூரத்திலிருந்து பச்சைப் பஞ்சாகத் தெரிந்தது, தனித்தனிச் செடிகளாகப் பிரியும். இலையின் பெரும்பகுதி ஒரே ஒரு செல் தடிமன். அதனால் ஒளி ஊடுருவிப் போகும். காய்ந்த கொத்தின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால், தண்டோடு ஒட்டிச் சுருண்டிருந்த இலைகள் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து வெளியே சாயும். வேரில்லாத இந்தச் செடி மூடுபனியை உடம்பாலேயே குடிக்கிறது. மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறது. சிறு பூச்சிகளும் ஆர்க்கிட் செடிகளின் வேர்களும் அதற்குள் ஒண்டியிருக்கின்றன.

இந்தப் பாசியைக் கொல்லும் கை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தொங்கு தொட்டிக்கும், ஆர்க்கிட் வளர்ப்புக்கும், கிறிஸ்துமஸ் குடிலுக்கும் பாசி வேண்டியிருக்கிறது. மரத்திலிருந்து போர்வையாக உரித்துச் சாக்கில் அடைத்தால் ஒரு மரத்துக்குச் சில நிமிடங்கள்; திரும்ப வளரப் பல ஆண்டுகள். இமயமலையின் குமாவுன் பகுதியில் இந்த வியாபாரம் நெடுநாளாக நடக்கிறது. உத்தராகண்ட் வனத்துறை நைனிதால் அருகே குர்பாதாலில் 2020-இல் பாசித் தோட்டம் ஒன்றைத் திறந்தது, பாசியின் மதிப்பை மக்களுக்குக் காட்டத்தான்.

சட்டத்தில் இடமில்லையே என்பவர்களுக்கு: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவர அட்டவணையில் நெடுங்காலம் ஆறே ஆறு தாவர வகைகள்தான் இருந்தன; பாசி அதில் இல்லை. ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் வன விளைபொருள் எது என்று வரையறுக்கும் இடத்தில் புல், கொடி, நாணலோடு பாசியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எடுக்கும் பொருளாக அதைக் கணக்கில் கொள்ள வழி இருக்கிறது. சோதனைச் சாவடியில் சந்தன மரத்தைத் தேடும் கண், பாசிச் சாக்கையும் பார்க்கப் பழக வேண்டும்.

மாற்றுப் பொருளும் நம்மிடமே குவிந்து கிடக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் மலையாய்க் குவியும் தென்னை நார்க்கழிவு, தொட்டிச் செடிக்குப் பாசி செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். மாடித்தோட்டக் குழுக்கள் நாற்றுப் பண்ணைக்காரர்களிடம் 'பாசி வேண்டாம், நார்க்கழிவு கொடுங்கள்' என்று கேட்கத் தொடங்கினாலே சாக்குப்பையின் வேகம் குறையும். இதற்குக் காசோலையே வேண்டாம்.

## யாருக்கு எது

ஒரு முறை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் சுறாவுக்குக் கொடுங்கள். அங்கே ஏற்பாடு தயாராக இருக்கிறது, பணம் காத்திருக்காது.

கடற்கரை ஊர்ச் சங்கம் என்றாலும் சுறாதான். ஆனால் குஜராத்துக்கு அனுப்புவதைவிட உங்கள் ஊர் மீன் இறங்குதளத்திலேயே தொடங்கலாம். எந்தெந்தச் சுறா சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது என்பதைப் படத்தோடு மீனவர் அறியச் செய்வதும், தவறிச் சிக்கினால் யாரை அழைப்பது என்ற தொலைபேசி எண்ணும் போதும். காணாமல்போன புதுச்சேரிச் சுறா மறுபடி தென்படுமானால், பெரும்பாலும் ஆய்வுக் கப்பலில் தென்படாது; விடியற்காலை ஏலத்தில், வேறு மீன்களின் குவியலுக்கு நடுவே கிடக்கும்.

கல்லூரி இயற்கை மன்றமா? தயங்காமல் பாசி. மாணவர்களிடம் இல்லாதது பணம், இருப்பது நேரமும் கண்ணும். பாசி வேலை கேட்பதும் அவற்றைத்தான். வனத்துறை அனுமதி, ஒரு வழிகாட்டி, உருப்பெருக்கிகள், ஒரு நல்ல நுண்ணோக்கி. இவ்வளவுக்குள் பழைய பட்டியலோடு ஒப்பிடும் வேலையைத் தொடங்கிவிடலாம். அனுமதி வாங்காமல் சேகரிக்கப் போனால் நீங்களும் சாக்குப்பைக்காரரும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

பெரிய தொகை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு என் யோசனை கொஞ்சம் முரடானது. சுறாவுக்குப் போவதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிரித்து, ஒரு பாசி ஆய்வாளருக்குத் தொடர் உதவித்தொகையாக வையுங்கள். ஆண்டறிக்கையின் அட்டையில் சுறாவையே போட்டுக்கொள்ளுங்கள், பாசி கோபித்துக்கொள்ளாது.

டகாகியா மேல் மனம் போய்விட்டது, அதை விட முடியவில்லை என்பவர்கள், மேலே சொன்ன இமயமலைப் பல்கலைக்கழக மாணவர் வழியில் போகலாம். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கே கொடுப்பதானாலும் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. பாசித் திட்டம் என்றால், சேகரிக்கும் மாதிரிகள் எந்த உலர்தாவரகத்துக்கு (உலர்ந்த செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம்) போய்ச் சேரும், பட்டியல் எங்கே வெளியாகும் என்று கேளுங்கள். யாருடைய மேசை இழுப்பறைக்கோ போகும் என்றால் வேண்டாம். சுறாத் திட்டம் என்றால், வலையை அறுத்த நாளிலிருந்து இழப்பீடு மீனவர் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். மாதக்கணக்கு என்று பதில் வந்தால், உங்கள் தொகையைச் சுவரொட்டிக்கும் முகாமுக்கும் கொடுக்காமல், அந்த இடைவெளியில் மீனவருக்கு உடனே கொடுத்துவிட்டு அரசுப் பணம் வந்ததும் திரும்ப நிரப்பிக்கொள்ளும் சுழல்நிதியாக வைக்கச் சொல்லுங்கள். ஒரே தொகை பருவத்துக்குப் பருவம் வேலை செய்யும்.